நம்ம வீடு குழு: சனிக்கிழமை வருகிறார்கள்

கயல்: எல்லோரும் பாருங்கள். நாய் தத்தெடுப்பதற்காக நாய்க் காப்பகத்திலிருந்து சனிக்கிழமை காலை வீட்டைப் பார்க்க வருகிறார்கள். வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லோரும் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டுமாம்.

கயல்: 📷 படம்

தினேஷ்: ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது படுத்து. சித்தப்பா தூங்கி எழுந்தால் தலைமுடி இப்படித்தான் இருக்கும்.

சித்தப்பா: டேய்

அம்மா: யாரைக் கேட்டு வரச் சொன்னாய்?

கயல்: அப்பாவிடம் சொன்னேன்மா

அம்மா: அவர் எதற்குத்தான் தலையாட்டவில்லை

அத்தை: ↪️ எச்சரிக்கை!! நாய் முடி ஒன்று உள்ளே போனால் போதும், நுரையீரலில் வேர் விடும். 10 பேருக்கு அனுப்பவும் 🙏🙏

தினேஷ்: அத்தை, இதையே பூனை என்று போட்டும் அனுப்பினீர்களே

பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். முடி வேர் விடாது. ஒவ்வாமை வருவது நாயின் எச்சிலிலும் உதிரும் தோல் துகளிலும் இருக்கும் புரதத்தால். முடி அதைச் சுமந்து வருகிறது, அவ்வளவுதான். ஆகவே முடி குறைந்த நாயாகத் தேடினாலும் முழுப் பாதுகாப்பு கிடையாது. வீட்டில் மூச்சிரைப்பு உள்ளவர் முதலில் மருத்துவரைக் கேட்கட்டும். அப்புறம் காப்பகத்துக்குப் போய் அந்த நாயோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும். அடுத்தது வயது. குட்டிதான் வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். வளர்ந்த நாய் என்றால் குழந்தையைக் கண்டால் என்ன செய்யும், தனியாக விட்டால் ஊளையிடுமா என்பதெல்லாம் அங்கே பார்த்துக்கொள்பவர்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். குட்டி எப்படி வளரும் என்று யார் கண்டது? தொடரும்.

தினேஷ்: தொடருமா 😭

அம்மா: மூச்சிரைப்பு யாருக்கு என்று ஊருக்கே தெரியும். பெயரைச் சொல்லாமல் எழுதுகிறாராம்.

அத்தை: நான் ஒன்றும் குறுக்கே நிற்கவில்லை. ஆளாளுக்குச் சொல்லிக்கொள்ளுங்கள்.

கயல்: அத்தை, கோபப்படாதீங்க. இதற்கு மூன்று வயது இருக்கும். கருத்தடை முடிந்தது. வெறிநோய்க்கும், நாய்களுக்கு வரும் பார்வோ, டிஸ்டெம்பர் தொற்றுகளுக்கும் ஊசி எல்லாம் போட்டாகிவிட்டது. அட்டை தருவார்கள்.

அத்தை: கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி. அதையும் அட்டையில் எழுதுவார்களா?

சித்தப்பா: இப்போதெல்லாம் கையில்தான் அக்கா. எனக்குப் போட்டார்களே.

பெரியப்பா: வயிற்றில் போட்டது பழைய மருந்து, ஆட்டு மூளைத் திசுவில் தயாரித்தது. இப்போது வருவது வேறு, நாலைந்து தவணையோடு முடிந்துவிடும். ஆனால் ஊசிக்கு ஓடுவதற்கு முன் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் புண்ணைக் கழுவ வேண்டும். அதை யாரும் செய்வதில்லை. தம்பியே எதையோ அப்பிக்கொண்டுதான் வந்து நின்றான்.

சித்தப்பா: கடித்தது மணி. அன்றைக்கு அதைக் கட்டாமல் விட்டது யார் என்று நான் சொல்லட்டுமா?

அம்மா: மறுநாள் மணியை யாருக்கும் சொல்லாமல் கொண்டுபோய் விட்டது யார் என்றும் சொல்லுங்கள்

பெரியப்பா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தினேஷ்: படித்துவிட்டேன் பெரியப்பா

சித்தி: சனிக்கிழமையா? அன்றுதானே கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போகிறோம்?

அத்தை: எனக்கு நீலம் வேண்டாம். போன தடவையே சொன்னேன்.

சித்தி: நீலம் என்று யார் சொன்னது அண்ணி?

கயல்: துணியை அப்புறம் பேசலாமா 🙏

பெரியப்பா: தொடர்ச்சி. நாய் வந்த அன்றே எல்லோரும் திரண்டுபோய்க் கொஞ்சக் கூடாது. காப்பகக்காரர்கள் 3 நாள், 3 வாரம், 3 மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். முதல் மூன்று நாள் மிரண்டு கட்டிலுக்கு அடியில் கிடக்கும், சாப்பிடாமலும் இருக்கலாம். மூன்று வாரத்தில் வீட்டு நேரம் பிடிபடும். தன் வீடு என்று அதற்குத் தோன்ற மூன்று மாதம். நாய்க்கு நாய் கூடும், குறையும். பொறுமை இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

சித்தப்பா: இதைச் சொல்வது யார் பாருங்கள்

சித்தி: கல்யாணத்துக்கு எல்லோரும் போனால் நாயை யார் பார்ப்பது?

தினேஷ்: பெரியப்பா வீடு?

பெரியப்பா: யோசிக்கலாம்.

அம்மா: கயல், கொஞ்ச நாள் வைத்துப் பார்க்கிறோம் என்று சொல்ல முடியாதா? ஒத்துவந்தால் பார்க்கலாம்.

கயல்: தற்காலிகமாக வைத்துக்கொள்ளச் சில காப்பகங்களில் விடுகிறார்கள். இங்கே கேட்டுப் பார்க்கிறேன் ❤️❤️

அம்மா: கேள் என்றுதான் சொன்னேன். சரி என்று சொல்லவில்லை.

அப்பா: 👍

அம்மா: இது நாய்க்கா, துணிக்கா?

சித்தி: அப்போ கடைக்கு மத்தியானம் கிளம்பலாமா?