மறு: அனஸ்தீசியா: எல்லாமே மயக்கமா?

வணக்கம் ஐயா,

> "மயக்கவியல்" நிலைபெற்றுவிட்டது. இனிப் புதுச்சொல் எதற்கு?

அனஸ்தீசியா துறையின் தமிழ்ப் பெயராக அது இருக்கட்டும். என் கவலையெல்லாம் நோயாளி கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவத்தைப் பற்றித்தான். சிசேரியனுக்கு முதுகில் போடும் ஊசியையும் "மயக்க மருந்து" என்றே அச்சிடுகிறோம். அந்தத் தாய் மயங்கப்போவதில்லை, பிள்ளையின் முதல் அழுகையைக் கேட்கப்போகிறவர். ஊசி போட்ட சில நிமிடங்களில் ஸ்பிரிட் பஞ்சைத் தொடையிலிருந்து மேலே வைத்துவைத்து, "ஜில்லுனு இருக்காம்மா?" என்று கேட்டுக்கொண்டே போவோம். மார்பு மட்டம் வரை குளிர்ச்சி தெரியாவிட்டால்தான் கத்தி வைக்க அனுமதி. அப்போதும் தொடுவதும் இழுப்பதும் அவருக்குத் தெரியும், வலிதான் தெரியாது. மயங்கிவிடுவோம் என்று நம்பி வந்தவர், "டாக்டர், மருந்து ஏறல" என்று பதறிப்போகிறார். அந்தப் பதற்றத்தை உண்டாக்கியது நம் படிவம்.

இதற்கு "மரப்பு" என்ற சொல்லை முன்வைக்கிறேன். பல் பிடுங்க வருபவர்களே "மரத்துப்போற ஊசி போடுவீங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். இட மரப்பு, நரம்பு மரப்பு, முதுகு மரப்பு என்று வரிசையாகக் கிளைக்கும். "மரபு" என்று தவறாகப் படிக்க இடமுண்டு என்பது உண்மை. ஆனால் படிவத்தில் அது தனித்து வராது. நினைவே இல்லாமல் செய்வதற்கு மட்டும் "முழு மயக்கம்" என்போம்.

இரண்டுக்கும் பொதுவாக "உணர்வுநீக்கம்". 1846 அக்டோபரில் பாஸ்டனில் பல் மருத்துவர் மார்ட்டன் ஈதர் என்ற மயக்க மருந்தைக் கொடுத்துக் காட்டிய அடுத்த மாதமே, மருத்துவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் அவருக்கு எழுதிய கடிதத்தில் பரிந்துரைத்த "அனஸ்தீசியா" என்ற கிரேக்கச் சொல்லுக்கும் உணர்வின்மை என்பதே பொருள்.

குழுவில் ஒருவர் சொன்ன "துயில் மருந்து" வேண்டவே வேண்டாம். தூங்குகிறவர் தானாக மூச்சு விடுவார், உலுக்கினால் எழுவார். முழு மயக்கத்தில் புரோபஃபால் நினைவை அணைக்கிறது, ஃபென்டனில் வலியை அடக்குகிறது, அட்ராகூரியம் தசைகளைத் தளர்த்துகிறது. தசை தளர்ந்தால் மூச்சும் நின்றுவிடும். தொண்டைக்குள் விட்ட குழாய் வழியே மூச்சை நாங்கள்தான் கொடுக்கிறோம். ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, நாடி மூன்றையும் விட்டுக் கண்ணெடுப்பதில்லை. தையல் முடிந்து நோயாளி தானாக மூச்செடுத்து, கூப்பிட்டால் கண் திறக்கும் வரை தலைமாட்டை விட்டு நகர முடியாது. "தூங்க வைக்கிற ஊசி" என்ற பேச்சால்தான், ஊசி போட்டதும் எங்கள் வேலை முடிந்தது என்று உறவினர்கள் நினைக்கிறார்கள்.

எனக்குச் சிக்கல், பிரசவ வலிக்கு முதுகில் கொடுக்கும் எபிடூரலில்தான். "முதுகு மரப்பு" என்றால், சிசேரியனுக்குப் போடும் ஸ்பைனல் ஊசியும் அதற்குள் வந்துவிடும். ஸ்பைனல் ஊசி தண்டுவட உறையைத் தாண்டி நீருக்குள் போகிறது. எபிடூரலில் உறைக்கு வெளியே மெல்லிய குழாய் விட்டு, வேண்டும்போதெல்லாம் மருந்தைக் கூட்டுகிறோம். "உறையக மரப்பு", "உறைப்புற மரப்பு" என்று பாடநூலில் எழுதிவிடலாம், ஆனால் பிரசவ வலியில் இருக்கும் பெண்ணிடம் அப்படிச் சொல்ல எனக்கு நா எழவில்லை. "குழாய் மரப்பு" என்றால் பொருந்துமா, ஐயா? மகப்பேறு பிரிவில் பணிபுரியும் உறுப்பினர்களும் சொல்லுங்கள்.