பொருள்: கராஜ் கதவு எதையோ கண்டு திரும்புகிறது. அந்த 'எதையோ'வுக்குச் சொல் வேண்டும், திங்கட்கிழமைக்குள்

செவ்வாய் இரவு, தேக்கா பயிற்றுநர்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்கப்பூரின் தேக்கா பக்கம் ஓர் அறையில், தானாகத் திறக்கும் வாசல் கேட்டையும் ('ஆட்டோ கேட்') கராஜ் கதவையும் பழுதுபார்க்கச் சொல்லிக் கொடுக்கிறேன். பதினான்கு பேர் வருகிறார்கள். பெரும்பாலும் புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர்ப் பிள்ளைகள். வாரம் முழுக்கக் கட்டுமான வேலை. கிடைக்கும் ஒரு நாள் ஓய்வையும் வகுப்புக்குத் தருகிறார்கள். பயிற்சிக்கு இருப்பது அமெரிக்க வகைக் கதவு. பலகை பலகையாக மடிந்து, தண்டவாளத்தில் ஏறி, கூரையடியில் படுத்துக்கொள்ளும். அதன் கையேட்டில் ஒரு பக்கத்தைத் தமிழில் எழுதித் திங்கள் காலை நகலெடுக்கக் கொடுத்தாக வேண்டும். கதவு மூடாமல் மேலே திரும்பிப் போகிறது, விளக்கு சிமிட்டுகிறது, என்ன செய்வது என்ற பக்கம்.

ஆங்கிலத்தில் 'அப்ஸ்ட்ரக்‌ஷன்' என்ற ஒரே சொல் பக்கம் முழுக்க வருகிறது. நான் 'தடை' என்று போட்டேன். சென்ற ஞாயிறு 'தடை கண்டறியப்பட்டது' என்று பலகையில் எழுதி, காரணம் பார்க்கச் சொன்னேன். ஒரு பிள்ளை நேராக மல்டிமீட்டரை எடுத்து, ஓமில் வைத்து, சென்சர் கம்பியை அளக்க உட்கார்ந்துவிட்டான். ஐடிஐ படித்தவன், தடை என்றால் அவனுக்கு ஓம், கம்பி மின்னோட்டத்தை எதிர்க்கும் அளவு. பக்கத்திலிருந்தவன் மின்தடை, அதாவது கரண்ட் போய்விட்டது என்று நினைத்து மெயின் சுவிட்சைப் பார்க்கப் போனான். ஒளியை வாங்கும் சென்சர் கண்ணின்மேல் நான் ஒட்டிவைத்திருந்த கறுப்பு டேப்பை இருபது நிமிடம் யாரும் பார்க்கவில்லை. பிள்ளைகள்மேல் பிழையில்லை, என் சொல்மேல்தான்.

இயந்திரம் அறியாதவர்களுக்காக: கதவின் இரு பக்கமும், தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்துக்கு மேற்படாமல், ஒரு ஜோடிக் கண் இருக்கும். ஒன்று கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பும், மற்றது வாங்கும். நடுவே பூனை புகுந்தாலும் ஒளி அறுந்து கதவு மேலே திரும்பிவிடும். குழந்தைகள் நசுங்கி இறந்த பிறகு, 1993 முதல் அமெரிக்காவில் வீட்டுக் கதவு மோட்டார்களுக்கு இப்படியொரு கூடுதல் காப்பு கட்டாயம். இதுபோக, இறங்கும் கதவு எதிலாவது இடித்தாலும் மோட்டார் அந்த அழுத்தத்தை உணர்ந்து திரும்பும். இரண்டுக்கும் கையேட்டில் ஒரே பெயர்.

உங்கள் உதவியை நம்பியிருக்கிறேன்.

புதன் காலை, பிடோக் தமிழாசிரியர் (ஓய்வு)

தம்பி, 'இடையூறு' இருக்க வேறெங்கும் போக வேண்டாம். "முடிவும் இடையூறும் முற்றியாங்கு" என்று திருக்குறளில் வினைசெயல்வகை அதிகாரத்திலேயே வருகிறது. தொடங்கிய செயலுக்கும் அது முடியும் இடத்துக்கும் நடுவே வந்து நிற்பது இடையூறு. கதவின் செயல் தரையைத் தொடுவது. அதற்கு முன் நிற்பதற்கு இதைவிடச் சரியான சொல் உண்டா?

இன்னொன்றும் கவனியுங்கள். ஊறு என்றால் தீங்கு மட்டுமன்று, தொடுவுணர்வும் அதுவே. "சுவையொளி ஊறோசை நாற்றம்" என்ற வரிசையில் ஊறு என்பது தொடுதல். உங்கள் கதவுக்கு இரண்டு புலன்கள் என்கிறீர்கள்: ஒன்று ஒளி, இன்னொன்று ஊறு. இரண்டும் ஒரே அடியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன! ஒளியிடையூறு, ஊற்றிடையூறு என்று இரண்டாகப் பிரிக்கலாம்.

'கண்டறியப்பட்டது' என்ற செயப்பாட்டு வினையை எடுத்துவிடுங்கள். யார் கண்டறிந்தது என்று தமிழன் கேட்பான். 'இடையூறு உள்ளது' போதும்.

புதன் மாலை, செங்காங் மொழிபெயர்ப்பாளர்

ஐயா, 'ஊற்றிடையூறு' என்று தாளில் போட்டால் அந்தப் பிள்ளைகள் தண்ணீர்க் குழாயைத் தேடிப் போவார்கள். வருத்தமாகத்தான் சொல்கிறேன், எனக்கும் குறள் பிடிக்கும். இன்று இடையூறு என்ற சொல் தொந்தரவு, சிரமம் என்ற பக்கம் சாய்ந்துவிட்டது. பதினைந்து ஆண்டாக அறிவிப்புகளை மொழிபெயர்க்கிறேன். அந்தச் சொல்லைப் படிக்கிறவர் மனத்தில் மூடிய சாலையும் இரவு நேரச் சத்தமும்தான் வருகின்றன, கதவுக்கடியில் கிடக்கும் சைக்கிள் வருவதில்லை.

சொல் அழகாக இருந்தால் நிலைக்கும் என்று நாம் நினைக்கிறோம். 'இணையம்' என்ற சொல்லை நம் ஊர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி தந்தார். 1997இல் இங்கே தமிழிணைய மாநாடு நடந்த காலத்தில் அதற்குப் போட்டியாக எத்தனையோ சொற்கள் இருந்தன. அது நின்றதற்குக் காரணம், கேட்டவுடன் இணை, இணைதல் என்று எல்லாருக்கும் விளங்கியதே. 'மின்தூக்கி'யும் அப்படித்தான், ஐந்து வயதுப் பிள்ளைக்கும் பொருள் தெரியும்.

என் கட்சி 'குறுக்கீடு'. குறுக்கே வந்தது, அவ்வளவுதான். சென்சரை சென்சர் என்றே விடுங்கள். 'உணரி' எழுத வேண்டுமானால் முதல் தடவை இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

வியாழன், ஈசூன் பொறியாளர்

அக்கா, குறுக்கீடு வேண்டாம். ரேடியோ அலையில் கலக்கும் இரைச்சலுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே போய்விட்டது. இதே கதவின் ரிமோட் ரேடியோவில் வேலை செய்கிறது. பக்கத்து வீட்டு அலை கலந்தால் ரிமோட் மக்கர் பண்ணும், அதற்கும் கையேட்டில் ஒரு பக்கம் இருக்கும். இரண்டு பக்கத்திலும் 'குறுக்கீடு' என்றால் ஓமில் நடந்தது மறுபடி நடக்கும்.

'மறிப்பு' என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: யாழ்ப்பாணத்தில் வளர்ந்த என் காதுக்கு மறியல் என்றால் சிறை. விளக்கமறியல் என்று செய்தியில் கேட்டே வளர்ந்தோம். அந்த ஒளிக்கும் உங்களுக்கு அகச்சிவப்பு, எனக்குச் செங்கீழ்க் கதிர். அதை இன்னொரு நாள் பேசலாம்.

'உணரி' சரியான ஆக்கம். உணர் என்ற பகுதியோடு செய்பவனைக் குறிக்கும் இகரம். அதில் கை வைக்காதீர்கள்.

வியாழன் பின்னிரவு, பிடோக் தமிழாசிரியர்

பொறியாளர் தம்பி வேண்டாம் என்று சொன்ன சொல்லில்தான் நான் மூன்று மணி நேரமாக இருக்கிறேன். இடையூற்றை விட்டுவிடுகிறேன். 'மறி' என்ற வேரைப் பாருங்கள்.

மறிக்கிறான் என்றால் தடுக்கிறான். மறிகிறது என்றால் திரும்புகிறது, மீள்கிறது. அலை கரைக்கு வந்து மறிகிறது. 'மறித்து நோக்கினான்' என்றால் திரும்பிப் பார்த்தான். பிறவினையில் தடுப்பது, தன்வினையில் மீள்வது! உங்கள் கதவு செய்வது இதுதானே? ஒன்று மறிக்கிறது, கதவு மறிகிறது. காரணத்துக்கும் காரியத்துக்கும் ஒரே வேர் வேறெந்தச் சொல்லில் கிடைக்கும்? மறுத்தல், மறுபடி, மறுகரை எல்லாம் இதன் சுற்றமே என்பது என் துணிபு. மறை என்பதையும் இங்கே சேர்க்கலாம், ஒளி போய்ச் சேராமல் திருப்பப்படுவதால்தானே பொருள் மறைகிறது? ஆட்டுக்குட்டிக்கு மறி என்று பெயர் வந்தது துள்ளித் துள்ளித் திரும்புவதால் என்றும் எனக்குத் தோன்றுகிறது. தலைவாசலில் கன்று வெளியே போகாமல் குறுக்கே போடும் கட்டையை எங்கள் அம்மா மறிகட்டை என்பார். அந்தக் கட்டையைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போனவன் நான்.

ஆகவே: மறிப்பு, மறிப்புணரி. 'மறித்தால் மறியும்' என்று பிள்ளைகளுக்கு ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

வெள்ளி, செங்காங் மொழிபெயர்ப்பாளர்

ஐயா, மறிகட்டை படித்துக் கண் கலங்கியது. ஆனால் 'மறிகிறது' என்று இன்று யார் பேசுகிறார்கள்? ஒரு சொல்லை விளக்க ஒரு மடல் தேவைப்பட்டால், அந்த மடலையும் கதவோடு ஒட்ட வேண்டியிருக்கும்.

ஞாயிறு இரவு, தேக்கா பயிற்றுநர்

எல்லாருக்கும் நன்றி. இன்று வகுப்பில் எந்தச் சொல்லையும் எழுதாமல், கதவை மட்டும் ஓட்டிக் காட்டி, என்ன நடக்கிறது என்று அவர்களையே சொல்லச் சொன்னேன்.

முதலில் கண்ணின் முன் செருப்பை வைத்தேன். "கண்ணை மறைச்சிருச்சு சார்" என்றார்கள். இரண்டாவது, ஒன்றரை அங்குல உயரப் பலகையைத் தரையில் படுக்கவைத்து, அதன்மேல் கதவை இறக்கினேன். "முட்டிருச்சு, திரும்புது." மூன்றாவது, குறுக்கே எதுவும் வைக்காமல், வாங்கும் கண்ணின் தகட்டை விரலால் சற்றுத் திருப்பிவிட்டேன். அந்தக் கண்ணின் பச்சை விளக்கு நடுங்கி அணைந்தது. கதவு இறங்க மறுத்தது. ஓம் பார்த்த அதே பிள்ளை தரையில் கன்னம் படப் படுத்து, ஒரு கண்ணை மூடி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடியைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மறைக்கவும் இல்ல, முட்டவும் இல்ல சார். கண்ணு ரெண்டும் ஒண்ணையொண்ணு பாக்கல."

என்னை ஐந்து நாளாக உறுத்தியது அப்போதுதான் பிடிபட்டது. தரைவீடுகளில் நான் பார்த்த பழுதுகளில் குறுக்கே உண்மையில் ஒரு பொருள் கிடந்தது மிகக் குறைவு. தோட்டக்காரரின் துடைப்பம் தட்டிக் கண் திரும்பியிருக்கும். சிலந்தி வலை, குளவி மண், பல்லி இருக்கும். மேற்கு பார்த்த வீட்டில் மாலை ஐந்து மணிக்கு மட்டும் மூடாது, வாங்கும் கண்ணில் நேர் வெயில். இரண்டு கண்களையும் பக்கம் மாற்றிப் பூட்டினால் சரியாகும். சில நேரம், கதவு எங்கே நிற்க வேண்டும் என்று மோட்டாருக்குச் சொல்லும் எல்லை அமைப்பு தப்பி, கதவு தரையையே முட்டலாக எடுத்துக்கொண்டு திரும்பும். இயந்திரம் 'ஏதோ இருக்கிறது' என்கிறது. அங்கே ஒன்றும் இல்லை. தடை, மறிப்பு, குறுக்கீடு எதைப் போட்டாலும் பிள்ளை இல்லாத ஒரு பொருளைத் தேடுவான்.

பிரித்தறிய எளிய வழி உண்டு. கதவைப் பார்த்துக்கொண்டே சுவர்ப் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். முழுக்க மூடினால் கோளாறு கண்ணில். அப்போதும் திரும்பினால் கதவிலோ தண்டவாளத்திலோ மோட்டாரின் அழுத்த அமைப்பிலோ. எனக்கு ஒரு சொல் போதாது ஐயா, இந்த இரண்டையும் பிரிக்கும் சொற்கள் வேண்டும்.

ஞாயிறு, நள்ளிரவு, பிடோக் தமிழாசிரியர்

தம்பி, அந்தப் பிள்ளை சொன்னதை வள்ளுவர் சொல்லியிருக்கிறார். "கண்ணொடு கண்ணிணை நோக்கொக்கின்." இரண்டு கண்களும் ஒன்றையொன்று சரியாகப் பார்ப்பது நோக்கொத்தல். கண்களை நேர்ப்படுத்தும் வேலைக்கு 'நோக்கொப்பு' என்று பெயர் வையுங்கள். காதலுக்குச் சொன்னது கதவுக்கும் பொருந்துகிறது, அதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. பொதுத் தலைப்பு மறிப்பாகவே இருக்கட்டும்.

திங்கள் காலை, செங்காங் மொழிபெயர்ப்பாளர்

முட்டல், கண் மறைப்பு இரண்டுக்கும் என் ஓட்டு. வகுப்பில் பிறந்த சொற்கள், அவற்றை மாற்றாதீர்கள். நோக்கொப்பை ஏற்கிறேன், ஓதிப் பார்த்தேன், வாயில் நிற்கிறது. மறிப்பை ஏற்கவில்லை. பெரும்பான்மை அந்தப் பக்கம் என்றால் தடுக்க மாட்டேன், ஆனால் என் மறுப்பு பதிவாகட்டும்.

திங்கள் காலை, ஈசூன் பொறியாளர்

எனக்கு இன்னும் சிறைதான் கேட்கிறது. தலைப்புக்கு வேறு சொல்லும் தோன்றவில்லை. அச்சடியுங்கள்.

திங்கள் மதியம், தேக்கா பயிற்றுநர்

நகலுக்குக் கொடுத்துவிட்டேன். தலைப்பு: 'மறிப்பு: கதவு மூடாமல் திரும்புகிறது'. அதன் கீழே இரண்டு கட்டம், 'கண் பிரச்சினையா?', 'முட்டலா?'. கண் கட்டத்தில் மூன்று வேலை: துடை, மறைப்பதை எடு, நோக்கொப்பு பார். 'நோக்கொப்பு' பக்கத்தில், தரையில் படுத்துப் பார்க்கும் ஆளின் படத்தை நானே வரைந்திருக்கிறேன். முட்டல் கட்டத்தில் முதல் வேலை, சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரிலிருந்து கதவைப் பிரித்து, கையால் பாதி தூக்கி நிறுத்துவது. கதவு சாய்ந்து விழுந்தால் ஸ்பிரிங் கெட்டிருக்கிறது. அங்கே வேலையை நிறுத்தி என்னைக் கூப்பிட வேண்டும். சிவப்புக் கயிற்றை இழுக்கும்போது கதவு மூடியிருக்க வேண்டும் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.

அடுத்த மாதப் பக்கம் அந்த ஸ்பிரிங் பற்றியது. 'சுருள்வில்' என்பது பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. கதவுக்கு மேலே முறுக்கேறி நிற்கிற இது இழுபடுவது இல்லை, முறுகுவது. தொட்டால் கை போகும். அந்த முறுக்கு, படித்தவுடன் அவர்கள் கையைப் பின்னால் இழுக்கும் விதமாகச் சொல்லில் இருக்க வேண்டும். ஐயா, இப்போதே யோசிக்கத் தொடங்குங்கள்.