நம்பு என்று பெயர் வைத்தால் பள்ளியில் குழப்பம் வருமா?

பாம்பன் மருமகள்:
பெண் குழந்தை பிறந்திருக்கிறது. நான் மதுரைக்காரி, வாழ்க்கைப்பட்டது பாம்பனில். தனுஷ்கோடி போகிற வழியில் இருக்கிற நம்பு நாயகி அம்மனுக்கு மாமியார் நேர்ந்திருக்கிறார். அதனால் பெயர் நம்பு என்றுதான் தொடங்க வேண்டுமாம். நம்பு ஈஸ்வரி, நம்புசெல்வி என்று வரிசையாகச் சொல்கிறார். இங்கே எந்தத் தெருவில் நின்று "நம்பு" என்று கூப்பிட்டாலும் ஆணும் பெண்ணுமாக ரெண்டு பேர் திரும்புகிறார்கள். ராமநாதசுவாமி கோயில் அம்பாள் பெயரான பர்வதவர்த்தினியை வைக்கலாமே என்றேன். "நேர்ந்தது அவளுக்கு இல்லையே" என்றுவிட்டார். கணவரோ "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க" என்று கடலுக்குப் போய்விட்டார். என்ன செய்வது?

தங்கச்சிமடம் வாத்தியார்:
தாயி, வருகைப் பதிவேட்டில் நம்புகளையும் சேதுகளையும் கூப்பிட்டே எனக்கு ஓய்வு வயது வந்துவிட்டது. இனிஷியல் இருக்கிறதே என்பீர்கள். ஒரே வகுப்பில் மு. நம்புராஜன் என்றே ரெண்டு பேர் இருந்தார்கள், ரெண்டு அப்பாவும் முனியசாமி! பிள்ளைகள் அசரவில்லை. குந்துகால் நம்பு, கடைக்கார நம்பு என்று அவர்களே பிரித்துக்கொண்டார்கள்.

பெயர் பொதுவாக இருப்பதால் யாரும் கெட்டுப்போகவில்லை. எழுதுவதில்தான் வினை. நம்பு ஈஸ்வரி என்று இடைவெளி விட்டு ஒரு சான்றிதழ், சேர்த்து எழுதி இன்னொன்று, ஆங்கிலத்தில் ஈஸ்வரிக்கு ஓரிடத்தில் 'இ', மற்றதில் 'ஐ'. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலுக்குப் பெயர் சரிபார்க்கும்போது அப்பன்மார் தொழிலுக்குப் போகாமல் அலுவலகம் அலுவலகமாக அலைவார்கள். ஒரே சொல்லாக வருகிற பெயராகப் பாருங்கள்.

கீழக்கரை லாத்தா:
எங்கள் பக்கமும் இதே கதைதான். ஏர்வாடி தர்காவுக்கு நேர்ந்த ஆண் பிள்ளை என்றால் இபுராகிம். அதனால் முன்னாலோ பின்னாலோ இன்னொரு பெயர் ஒட்டிக்கொள்ளும், வீட்டில் அதைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். நீங்களும் முன்பாதியை மாமிக்கு விட்டுக்கொடுங்கள், பின்பாதியை நீங்கள் வையுங்கள். நம்புமலர் நன்றாக இல்லையா?

ராம்நாடு தம்பி:
அக்கா, பெயர் முடிவாகாவிட்டாலும் பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். பெயர் இல்லாமலே பதியலாம். 12 மாதத்துக்குள் பெயர் சேர்த்தால் கட்டணம் கிடையாது, அதற்கப்புறம் 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்ட வேண்டும். ஏறிய பெயரை மாற்றுவது பெரும்பாடு. அதனால் சண்டையை முடித்துவிட்டே எழுதிக் கொடுங்கள்.

பாம்பன் மருமகள்:
லாத்தா, மாமியாரிடம் நம்புமலர் என்று சொல்லிப் பார்த்தேன். "மலரு எதுக்கு?" என்று கொஞ்ச நேரம் முனகினார். அப்புறம் "நம்பு முன்னால வருதுல்ல, சரி" என்றார். நான் மலர் என்றுதான் கூப்பிடப் போகிறேன், அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. ஐயா, ஆங்கிலத்தில் கடைசியில் ஒரு 'ஆர்' போதும்தானே?

தங்கச்சிமடம் வாத்தியார்:
போதும் தாயி. நடுவில் இடைவெளி மட்டும் விட்டுவிடாதீர்கள்.