63 சீசன் ஒரே பள்ளியில்: ஜான் மெக்கிஸிக்கை எப்படி மதிப்பிடுவது?

கார்த்தி_எம்:
தென் கரோலினாவில் சம்மர்வில் உயர்நிலைப் பள்ளியின் ஃபுட்பால் கோச் ஜான் மெக்கிஸிக் பற்றி இப்போதுதான் படித்தேன் (ஹெல்மெட் போட்டு ஆடுகிற அமெரிக்க ஃபுட்பால்). 1952 முதல் 2014 சீசன் வரை அதே பள்ளி, 621 வெற்றி, 155 தோல்வி, 13 டிரா, 10 மாநிலப் பட்டம். ஓய்வு பெற்றபோது வயது 88. இவ்வளவு ஜெயித்தவர் கல்லூரி அணிக்கு கோச்சாக ஏன் போகவில்லை? அப்புறம் இன்னொன்று, 63 சீசன் நின்றால் யாருக்குமே 600 வந்துவிடாதா?

பழைய_கோச்:
வராது சார். வகுத்துப் பாருங்கள், சீசனுக்குக் கிட்டத்தட்ட 10 வெற்றி. பள்ளி அணிகளுக்கு ஒரு சீசனில் வழக்கமான ஆட்டங்களே 10, 11தான், அதற்கு மேல் வேண்டுமென்றால் பிளே-ஆஃபில் (சீசன் முடிவில் பட்டத்துக்காக நடக்கும் நாக்-அவுட் ஆட்டங்கள்) ஜெயிக்க வேண்டும். எல்லா மட்டத்தையும் சேர்த்து முதலில் 600 தொட்டவரும் இவர்தான், 2012 இல்.

கல்லூரியில் பணம் உண்டு, ஆனால் இரண்டு சீசன் சறுக்கினால் மூட்டையைக் கட்டச் சொல்லிவிடுவார்கள். தவிர, ஆள் பிடிக்க ஊர் ஊராக அலைய வேண்டும். அரசுப் பள்ளியில் அந்த ஊர்ப் பையன்கள் தானாக வருவார்கள், தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறையை ஒரே மைதானத்தில் பார்த்தவர் இவர். ஆட ஆசைப்பட்டு வந்த எவரையும் அணியிலிருந்து நீக்கியதில்லை என்பார்கள். எனக்கு 621 ஐ விட இதுதான் பெரிது. ஃபுட்பாலில் இது நடக்கும் காரியமும்கூட, தாக்குதலுக்குத் தனி 11 பேர், தடுப்புக்குத் தனி 11 பேர், பயிற்சியில் எதிரணி மாதிரி நிற்கவும் ஆள் வேண்டும், அதனால் சுமாராக ஆடுகிறவனுக்கும் வேலை இருக்கும்.

வித்யா_ஆர்:
சிறந்த பள்ளி கோச் யார் என்றால் என் ஓட்டு பாப் லடூசருக்கு. கலிஃபோர்னியா கான்கார்டில் டி லா சால் பள்ளி, 1979 முதல் 2012 வரை 399 வெற்றி, 25 தோல்வி, 3 டிரா. அதாவது சராசரியாக வருஷத்துக்கு ஒரு தோல்விகூட இல்லை! 1992 முதல் 2003 வரை தொடர்ந்து 151 வெற்றி, 2004 இல்தான் வாஷிங்டன் மாநிலத்து பெல்வியூ அணி நிறுத்தியது. இத்தனைக்கும் அவர் வருவதற்கு முன் அந்தப் பள்ளி தோல்வியைவிட அதிக வெற்றி பெற்ற சீசன் ஒன்றுகூட இல்லை. மனிதர் அங்கே சமயப் பாடமும் எடுத்தார்.

பழைய_கோச்:
வித்யா, மறுக்கவில்லை. ஆனால் அது தனியார் கத்தோலிக்கப் பள்ளி, சுற்றுவட்டாரம் முழுக்க எங்கிருந்து வேண்டுமானாலும் பையன் வந்து சேரலாம். இந்தக் குறையை அந்தக் காலத்திலேயே மற்ற பள்ளிகள் சொல்லிக்கொண்டுதான் இருந்தன.

வித்யா_ஆர்:
சரி, வாய்ப்பு கூடுதல்தான். அதற்காக 151 தானாக வந்துவிடாது. அதே மாதிரி தனியார் கத்தோலிக்கப் பள்ளிகள் அமெரிக்காவில் ஏராளம், அவை எல்லாம் எங்கே போயின? மெக்கிஸிக்கின் கடைசிப் பட்டம் 1998 இல், அதற்குப் பிறகு 16 சீசன் பட்டம் இல்லை, அதையும் சொல்லுங்கள்.

கார்த்தி_எம்:
அட, அந்த 16 வருஷமும் ஊர் பொறுத்துக்கொண்டதா?

பழைய_கோச்:
பட்டம் இல்லையே தவிர ஆட்டம் ஜெயித்துக்கொண்டுதானே இருந்தார், என்.எஃப்.எல்லுக்கு (அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீக்) ஆடப் போன ஏ.ஜே. கிரீன் அந்தக் காலகட்டத்துப் பையன்தான். மெக்கிஸிக்குக்குப் பின் கோச் ஆனது அவருடைய சொந்தப் பேரன் ஜோ கால். நீங்களே கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள்.