திண்ணையை இடிக்காமல் வீட்டைச் சீர்செய்ய வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் தாத்தா கட்டிய வீட்டைச் சீரமைக்கிறோம். கார் நிறுத்தத் திண்ணையை இடித்துவிடலாம் என்கிறார் பொறியாளர். எனக்கு மனம் ஒப்பவில்லை. பாடலீஸ்வரர் கோயிலுக்கு வருகிற வயதானவர்கள் கால் ஆற உட்காருவது அங்கேதான். பூக்கார அம்மா கூடையை இறக்கி வைத்து வைத்தே ஒரு மூலை வழவழப்பாகிவிட்டது. 2011இல் தானே புயல் அடித்தபோது அக்கம்பக்கத்தார் எங்கள் கூடத்தில்தான் தங்கினார்கள். ஆயா உலை வைத்தபடியே இருந்தார். அந்த வீடு அப்படியே வேண்டும்.

இப்போதைய சிக்கல் சுவர். சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசியது எங்கள் தவறு. ஈரம் வெளியேற வழியில்லாமல் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து, தொட்டால் மாவாக உதிர்கிறது. சிமெண்டைச் செதுக்கிவிட்டு மறுபடியும் சுண்ணாம்பே பூச வேண்டும்.

கடுக்காய், வெல்லம் ஊறவைத்த நீரில் சுண்ணாம்புக் கலவை சேர்க்கத் தெரிந்த கொத்தனார் கடலூரிலோ புதுச்சேரியிலோ இருக்கிறாரா? ஐப்பசி மழைக்கு முன் பூச்சு காய்ந்துவிடுமா? திண்ணைக்கு ஏறும் படியை முதியவர்களுக்கு ஏற்ப எவ்வளவு தாழ்வாக வைக்கலாம்? அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். வேலைக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடும் தங்குமிடமும் எங்கள் வீட்டிலேயே.