அவரை வாடுது, கொழுந்துல பூச்சி மொய்க்குது: பார்த்தவங்க அளவோட சொல்லுங்க

செம்மண் தோட்டம்:

ஆடிப் பட்டத்துல ஊன்றின பந்தல் அவரை கொடி வீசுற நேரம். குத்து அவரை, தட்டைக்காய், கொத்தவரை வச்சிருக்கவங்களும் நிறைய. வர்ற படங்கள் ரெண்டே வகை. ஒன்னு, நுனிக் கொழுந்துல கறுப்பா அப்பிக் கிடக்கிற பூச்சி. இன்னொன்னு, நேத்து வரைக்கும் நல்லா இருந்த செடி தலை தொங்கி நிக்கிறது. ரெண்டுக்கும் கீழே ஒரே பதில்தான்: "வேப்பெண்ணெய் அடிங்க". வேர் அழுகின செடிக்கு இலையில எண்ணெய் அடிச்சு ஒன்னும் ஆகப்போறதில்ல. என்ன பயிர், என்ன அறிகுறி, பிடுங்கிப் பார்த்தப்போ உள்ளே என்ன இருந்தது, எதை எவ்வளவு கொடுக்கணும், இதைப் போடுங்க.

வேர்க்கால்:

வாடல்ல இருந்தே ஆரம்பிப்போம். முதல்ல நேரத்தைப் பாருங்க. மதியம் தொங்கி, வெயில் தாழ்ந்ததும் தானா நிமிர்ந்தா அது சூடு. நிழல்வலையும், மண்ணை மூடுற சருகு மூடாக்கும் போதும். காலைல 7 மணிக்கே தொங்கினா கோளாறு வேர்ல இல்லன்னா தண்டுல. விரலை ரெண்டு அங்குலம் மண்ணுக்குள்ள விட்டுப் பாருங்க. மண் ஈரமா இருந்தும் செடி வாடுதுன்னா தண்ணியை நிறுத்தணும். வாட்டத்தைப் பார்த்ததும் இன்னொரு சொம்பு ஊத்துறதுதான் எல்லார் வீட்டுலயும் நடக்குது. அழுகுற வேருக்கு அது காத்தையும் அடைச்சு, பூஞ்சைக்கும் வசதி பண்ணிக் கொடுக்கும்.

அடுத்து, ரொம்ப வாடின ஒரு செடியைத் தியாகம் பண்ணுங்க. இழுக்காதீங்க, மண்ணோட தோண்டி எடுங்க. இழுத்தா நுண்வேர் மண்ணுக்குள்ளயே நின்னுடும், பார்க்க வேண்டியது அதுலதான் இருக்கு.

மண் மட்டத்துல தண்டைச் சுத்தி வெள்ளை நூல் படர்ந்து, நடுவுல கடுகளவு வெள்ளை அல்லது பழுப்பு உருண்டைகள் இருந்தா ஸ்கிளிரோஷியம்ங்கிற பூஞ்சையால வர்ற அழுகல். அந்த உருண்டைதான் அதோட வித்து மாதிரி. மண்ணுல வருஷக்கணக்கா உயிரோட கிடக்கும். அந்த இடத்து மண்ணை 4 அங்குல ஆழத்துக்கு அள்ளி வெளியேத்துங்க, உரக்குழியில போடாதீங்க.

தண்டின் அடிப்பட்டை நாராக் கிழிஞ்சு, உள்பக்கம் சாம்பல் நிறத்துல ஊசிமுனைக் கறுப்புப் புள்ளிகள் தெரிஞ்சா மேக்ரோபோமினா வேரழுகல். இது சூடும் வறட்சியும் சேர்ந்தா வரும். காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணி ஊத்துற தொட்டியில அதிகம்.

வேர் வெளியில நல்லா இருந்தும், தண்டை நீளவாக்குல பிளந்தா நடுவுல பழுப்புக் கோடு ஓடினா பியூசேரியம் வாடல். பெரும்பாலும் அடி இலையில மஞ்சள் தொடங்கி மேலே ஏறும், சில நேரம் கொடியோட ஒரு பக்கம் மட்டும். பூஞ்சை தண்டோட நீர்க்குழாய்க்குள்ள போயிட்டா அந்தச் செடியைக் காப்பாத்த முடியாது. பக்கத்துச் செடிகளைத்தான் காப்பாத்தணும்.

வேர்ல முடிச்சு பார்த்துப் பதறுறவங்களுக்கு: பயறு வகை வேர்ல முடிச்சு இருக்கணும். அது ரைசோபியம்ங்கிற நல்ல பாக்டீரியா இருக்கிற முடிச்சு. வேரோட ஓரத்துல ஒட்டினாப்ல உருண்டையா இருக்கும், நகத்தால தள்ளினா உதிர்ந்துடும், கிள்ளினா உள்ளே இளஞ்சிவப்பு. நூற்புழு, அதாவது மண்ணுல இருக்கிற கண்ணுக்குத் தெரியாத புழு, உண்டாக்குற முடிச்சுல வேரே வீங்கியிருக்கும், தள்ளினா வராது. ஒன்னு செடிக்குத் தழைச்சத்து கொடுக்குது, இன்னொன்னு செடியை உறிஞ்சுது. இது தெரியாம நல்ல செடியைப் பிடுங்கி எறியறவங்க உண்டு.

மாடிப்பந்தல்:

மேலே சொன்னதுல முக்கால்வாசி, செடி வளர்க்கிற பையில மண் நிரப்புறப்பவே தவிர்க்கலாம். பந்தல் அவரைக்கு 18 அங்குலப் பைக்குக் குறைஞ்சு வேண்டாம், குத்து அவரைக்கு 12 போதும். கலவை: செம்மண் 2 பங்கு, நல்லா மட்கின தொழுவுரம் 1 பங்கு, தேங்காய்நார்க் கழிவு 1 பங்கு. எடை குறையணும்னு நார்க்கழிவைப் பாதிக்கு மேல போடுறாங்க. ஐப்பசி மழையில அது நாலு நாளைக்கு ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும், மேலே காஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் அடியில சொதசொதன்னு கிடக்கும். பைக்கு அடியில ரெண்டு செங்கல் வைங்க. தரையோட தரையா ஒட்டின பையில ஓட்டை இருந்தும் பிரயோஜனமில்ல.

பெரிய பைக்கு 100 கிராம் வேப்பம்புண்ணாக்கு போடலாம், ஆனா விதைக்கிறதுக்கு 15 நாள் முன்னாடியே கலந்து ஈரப்படுத்தி வைங்க. அன்னைக்கே போட்டு அன்னைக்கே ஊன்றினா மட்குற சூட்டுல முளை கருகும்.

டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சையை அடக்குற நல்ல பூஞ்சை): ஈரமான மட்கின உரம் 1 கிலோவுக்கு 20 கிராம், நிழல்ல ஈரச்சாக்கு போட்டு 10 நாள் மூடி வச்சு, பைக்கு ரெண்டு கைப்பிடி. விதைக்குக் கிலோவுக்கு 4 கிராம்னு பரிந்துரை. வீட்டுல 20 விதைக்கு ஒரு சிட்டிகை, ஆறின வடிகஞ்சியில பிரட்டி நிழல்ல உலர்த்தினா சரி. பாக்கெட்டுல காலாவதித் தேதியைப் பாருங்க. வெயில்ல அடுக்கி வச்சிருக்கிற கடையில வாங்காதீங்க, உள்ளே இருக்கிறது உயிர்.

வேர்க்கால்:

இதோட ஒன்னு சேர்த்துக்கணும். நோய் வந்த பிறகு கார்பென்டாசிம்ங்கிற பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 1 கிராம் கரைச்சு வேர்ல ஊத்துறவங்க, அதே வாரம் டிரைக்கோடெர்மாவும் போடுறாங்க. அந்த மருந்து டிரைக்கோடெர்மாவையும் சேர்த்தே கொல்லும். ரெண்டுல ஒன்னை முடிவு பண்ணுங்க. சமையலுக்குக் காய் பறிக்கிற பத்துப் பைக்கு அந்த மருந்தே வேண்டாம்ங்கறது என் கட்சி.

நாத்துமேடு:

முளைச்சு ரெண்டு மூணு வாரத்துல வாடுற நாத்தைப் பூஞ்சைன்னு நினைச்சு விட்டுடுறோம். தட்டைக்காய், பீன்ஸ், உளுந்து இதுலெல்லாம் பாதி நேரம் அது தண்டு ஈ. 2 மில்லிமீட்டர் அளவுல பளபளன்னு கறுப்பு ஈ. காலைல முதல் ஜோடி இலை மேல உட்கார்ந்திருக்கும். அந்த இலையோட காம்புப் பக்கம் ஊசியால குத்தின மாதிரி வெளிர் புள்ளிகள் தெரிஞ்சா முட்டை வச்சாச்சு. புழு காம்பு வழியா இறங்கி, தண்டுத் தோலுக்குக் கீழேயே குடைஞ்சுக்கிட்டு மண் மட்டத்துக்கு வந்து அங்கேயே கூட்டுப்புழு ஆகும். அந்த இடம் வீங்கி வெடிச்சிருக்கும். நகத்தால தோலை உரிச்சா அரிசிக்குருணை அளவு பழுப்புக் கூடு கையில வரும்.

செத்த நாத்தைத் தொட்டியிலயே விடாதீங்க, அடுத்த தலைமுறை ஈ அதுலதான் இருக்கு. உயிரோட இருக்கிறதுக்கு மண் அணைக்கிறதுதான் சிறந்த வைத்தியம். வீங்கின இடத்துக்கு மேல இருந்து புது வேர் விடும், அந்த வேருக்கு மண் கிடைச்சா செடி தப்பிக்கும். அதனால பையை விளிம்பு வரைக்கும் நிரப்பாம முக்கால் அளவுக்கு மட்டும் நிரப்பி ஊன்றுங்க. முளைச்ச 12, 15 நாள்ல வித்திலைக் கணுவுக்கு (விதைப் பருப்பு ஒட்டியிருக்கிற இடம்) கீழ் வரைக்கும் மண் போட்டு அணைக்க இடம் இருக்கும்.

கொழுந்து:

ஆரம்பத்துல சொன்ன, நுனிக் கொழுந்துல அப்பிச் சாறு உறிஞ்சுற பூச்சி, அதாவது அசுவினிக்கு வர்றேன். அவரையிலயும் தட்டைக்காயிலயும் வர்றது கறுப்பு அசுவினி. ஆண் துணையே இல்லாம குட்டி போடும், அந்தக் குட்டி ஒரு வாரத்துக்குள்ளயே அடுத்த குட்டி போடத் தயாராகிடும். அதனாலதான் ஒரே ஒரு தெளிப்புல தீராது.

மொய்க்க ஆரம்பிச்ச மொதல் ரெண்டு நாள்ல மருந்தே தேவையில்ல. கொழுந்தை இடது கையில ஏந்திக்கிட்டு, குழாயில விரலை வச்சுத் தண்ணியைப் பீச்சி அடிங்க. கீழே விழுந்தது பெரும்பாலும் திரும்பி ஏறாது. மூணு நாள் விடாம செய்யணும்.

அதுக்கப்புறம் எறும்பு. அசுவினி கழிக்கிற இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், பொறிவண்டை விரட்டும். எறும்பை விட்டுட்டு அசுவினிக்கு மட்டும் அடிச்சா திரும்பத் திரும்ப வரும். பந்தல் கால்ல பாலித்தீன் பட்டை சுத்தி, அது மேல ரெண்டு விரல் அகலத்துக்கு கிரீஸ் தடவுங்க. செடித் தண்டுல நேரா தடவக்கூடாது. கொடி சுவரையோ பக்கத்துச் செடியையோ தொட்டுக்கிட்டிருந்தா கிரீஸ் வீண், எறும்பு அந்த வழியா வரும்.

வேப்பெண்ணெய் கடைசியில. வயல் பரிந்துரை 3 சதம், அதாவது லிட்டருக்கு 30 மில்லி. மாடி வெயில்ல இருக்கிற இளம் அவரை இலை அதைத் தாங்காது. 5 மில்லியில தொடங்குங்க, 10க்கு மேல போக வேண்டாம். காதி சோப்பு 4, 5 கிராம் சீவி கால் லிட்டர் தண்ணியில கரைச்சு, அதுல எண்ணெயை ஊத்தி, பால் மாதிரி வெளுக்கிற வரைக்கும் ஆட்டி, பிறகு மீதித் தண்ணி. மேலே எண்ணெய் மிதந்தா அடிக்காதீங்க, அது விழுற இடம் கருகும். சாயங்காலம் 4 மணிக்கு மேல, இலையோட அடிப்பக்கம் நனையணும், 7 நாள் இடைவெளியில ரெண்டு மூணு தடவை.

முக்கியமா, அடிக்கிறதுக்கு முன்னாடி கூட்டத்துக்கு நடுவுல பாருங்க. கறுப்பா, நீளமா, முதுகுல ஆரஞ்சுப் புள்ளியோட ஆறு காலில் ஓடுற புழு இருந்தா அது பொறிவண்டுக் குஞ்சு. பார்க்க அசிங்கமா இருக்குன்னு அதைத்தான் முதல்ல நசுக்குறாங்க. அது இருக்கிற கொடியில அஞ்சு நாள் கையைக் கட்டிக்கிட்டு இருங்க.

செம்மண் தோட்டம்:

அடுப்புச் சாம்பல் போதும்னு பெரியவங்க சொல்றாங்களே?

கொழுந்து:

போதும், சரியா செஞ்சா. விறகுச் சாம்பலை மெல்லிய துணியில கட்டி, பனி ஈரம் இருக்கிற காலைல தட்டித் தூவணும். காஞ்ச இலையில நிக்காது. மழை வந்தா போச்சு. பூவுல படாம பார்த்துக்கோங்க. வாராவாரம் தொட்டியில கொட்டினா மண்ணோட காரத்தன்மை ஏறி, கொழுந்து வெளுத்துப்போகும். குப்பை, பிளாஸ்டிக் எரிச்ச சாம்பல் கூடவே கூடாது.

காய்க்கொத்து:

பூ விட்ட பிறகு வர்றவை வேற ஆட்கள். பூவையும் பிஞ்சையும் நூலால் பின்னி ஒட்டி வைத்து, உள்ளே இருந்து தின்பது புள்ளிக் காய்ப்புழு. உடம்பு வெளிர் நிறம், உடலின் ஒவ்வொரு வளையத்திலும் கரும்புள்ளிகள். காயில் ஓட்டையும் எச்சமும் தெரியும்போது தெளிப்பவர்கள் காலம் கடந்தவர்கள், ஏனென்றால் காய்க்குள் இருக்கும் புழுவை எந்தத் தெளிப்பும் தொடாது. மொட்டு விடும்போதே வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதம் கொடுக்க வேண்டும். லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, துணியில் கட்டி இரவு முழுக்க ஊறவிட்டு, பிழிந்து வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து அன்றே அடித்துவிட வேண்டும். வருடம் தாண்டிய பழைய கொட்டையில் வீரியம் இருக்காது. பி.டி. (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்) பாக்டீரியாப் பொடி என்றால் லிட்டருக்கு 2 கிராம், பொழுது சாயும் நேரத்தில். வெயிலில் அது சீக்கிரம் செயலிழக்கும், சின்னப் புழுவிடம்தான் நன்றாக வேலை செய்யும். பின்னிய பூங்கொத்துகளை வாரம் இருமுறை கிள்ளி சோப்புத் தண்ணீரில் போடுவது இரண்டையும்விடச் சிறந்தது.

தண்டில் வரிசையாக அப்பியிருக்கும், உருண்டையான, தொட்டால் நாறும் பச்சைப் பூச்சி நாவாய்ப்பூச்சி. விடியற்காலையில் மந்தமாக இருக்கும். அகலப் பாத்திரத்தில் சோப்புத் தண்ணீரைக் கீழே பிடித்துக் கொடியைத் தட்டினால் போதும். வெயில் ஏறிவிட்டால் பறந்துவிடும்.

மாடிப்பந்தல்:

மஞ்சள் தேமலை யாரும் தொடலையே. இலையில பளிச்சுன்னு மஞ்சள் திட்டுத் திட்டா வந்தா அது வைரஸ், பரப்புறது வெள்ளை ஈ. மருந்தே கிடையாது. மோர் தெளிச்சா போயிடும்ங்கறதை நம்பி ரெண்டு வாரம் காத்திருந்தா பந்தல் முழுக்கப் பரவும். செடியை அசைக்காம ஒரு பாலித்தீன் பையைக் கவிழ்த்து மூடி, அப்புறம் அடியோட அறுங்க. மூடாம ஆட்டினா ஈ எல்லாம் பக்கத்துச் செடிக்குப் பறந்துடும். மஞ்சள் அட்டையில விளக்கெண்ணெய் தடவி கொழுந்து உயரத்துல கட்டுங்க. தூசி படிஞ்சா துடைச்சு மறுபடி தடவணும்.

செம்மண் தோட்டம்:

பிடுங்கின பையில அதே மண்ணுல திரும்ப அவரை ஊன்றலாமா?

வேர்க்கால்:

தேமலுக்குப் பிடுங்கினதுன்னா தாராளமா ஊன்றலாம், அந்த வைரஸ் மண்ணுல தங்காது. வாடல், அழுகலுக்குப் பிடுங்கினதுன்னா கூடாது. அந்த மண்ணைச் சித்திரை வெயில்ல தார்ப்பாய் மேல அரை அடி உயரத்துக்குப் பரப்பி, நல்லா ஈரப்படுத்தி, கண்ணாடி மாதிரி தெரியுற பாலித்தீன் விரிச்சு, ஓரமெல்லாம் கல் வச்சு 6 வாரம் மூடுங்க. கறுப்பு விரிப்புல அந்த அளவு சூடு ஏறாது. பிறகு டிரைக்கோடெர்மா உரம் கலந்து ஒரு போகம் கீரையோ சோளமோ போட்டுட்டு அவரைக்கு வாங்க.