மத்த இனத்தவங்க முகம் மனசுல நிக்க மாட்டேங்குதா? என்ன செய்யலாம்

கேள்வி: வெளிநாட்டுக்குப் புதுசா வேலைக்கு வந்தவங்களுக்கு, கூட வேலை பார்க்கிற மத்த இனத்துக்காரங்க எல்லாம் ஒரே ஜாடையா தெரியறாங்க. ஆளை மாத்தி மாத்திக் கூப்பிட்டுடறோம். பழகப் பழகச் சரியாயிடுமா, இல்ல தனியா ஏதாவது செய்யணுமா?

பதில் 1:
தனியா செய்யணும். சும்மா நாள் ஓடினா மட்டும் சரியாகாது.

இது ஞாபக மறதி இல்ல, மனசுல வெறுப்பு இருக்குன்னும் அர்த்தம் இல்ல. எல்லா இனத்துக்காரங்களுக்கும் இருக்கிற விஷயம். 1969-ல மால்பாஸ், கிராவிட்ஸ்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல கறுப்பின, வெள்ளையின மாணவர்களை வெச்சு இதைச் சோதிச்சாங்க. 2001-ல மெய்ஸ்னரும் பிரிகமும் 39 ஆய்வுக் கட்டுரைகளை ஒண்ணா சேர்த்துப் பார்த்தாங்க, மொத்தம் கிட்டத்தட்ட 5,000 பேர். முன்னாடி பார்த்த முகத்தைச் சரியா கண்டுபிடிக்கிற வாய்ப்பு சொந்த இனத்து முகத்துக்கு 1.4 மடங்கு அதிகம். பார்க்காத முகத்தைப் "பார்த்த முகம்தான்"னு தப்பா சொல்ற வாய்ப்பு மத்த இனத்து முகத்துக்கு 1.56 மடங்கு அதிகம். ஆபீஸ்ல வம்பு வர்றது இந்த ரெண்டாவது வகையிலதான். அறிமுகமே இல்லாதவர்கிட்ட போய் நேத்து பேசினதைத் தொடர்ந்து பேசிடுவோம்.

காரணம் ரெண்டு. மூளை முகத்தைப் படிக்கும்போது கண்ணு, மூக்கு, வாய்னு தனித்தனியா எடுக்கிறதில்ல. அதுக்கு நடுவுல இருக்கிற இடைவெளியையும் சேர்த்து மொத்தமா ஒரே பார்வையில பிடிக்குது. இந்தத் திறமை சின்ன வயசுல சுத்தி இருந்த முகங்களை வெச்சு வளர்ந்தது. அதிகம் பார்க்காத வகை முகத்துல அவ்வளவு நல்லா வேலை செய்யாது. ரெண்டாவது, மத்த இனத்து முகத்தைப் பார்த்ததும் "இவர் இந்த இனம்"னு மனசு முத்திரை குத்திட்டு அங்கேயே நின்னுடும். ஆள் யாருன்னு அடுத்த படிக்குப் போறதில்ல.

இதுல முக்கியமா புரிஞ்சுக்க வேண்டியது: ஒரு இனத்து முகம் மொத்தத்தையும் நீங்க கத்துக்க வேண்டியதில்ல. கூட வேலை பார்க்கிற பத்துப் பதினஞ்சு பேரைக் கத்துக்கிட்டா போதும். அது எந்த வயசுலயும் முடியும்.

செய்முறை சொல்றேன். ஆபீஸோட இணையப் பக்கத்துல இருக்கிற ஊழியர் படங்கள்ல ஒரு நாளைக்கு நாலு அஞ்சு பேருக்கு மேல எடுக்காதீங்க. முடியை விரலால மறைச்சுட்டு, நெத்தியில இருந்து தாடை வரைக்கும் பாருங்க. முடி, தாடி, கண்ணாடி மூணையும் நம்பவே கூடாது. அறிமுகமில்லாத முகத்துல கண்ணு தானா போறது அங்கேதான், ஒரு தடவை முடி வெட்டிக்கிட்டு வந்தா ஆளே மாறிடுவார். மாறாததைப் பிடிங்க: புருவம் வளையற இடம், காது மடல் கன்னத்தோட ஒட்டியிருக்கா தொங்குதா, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவுல எவ்வளவு இடம், தாடை கூரா சதுரமா. எல்லாருக்கும் முடியும் கண்ணும் கறுப்பா இருக்கிற இடத்துல வளர்ந்தவங்க கண்ணோட நிறத்தைக் கவனிச்சே பழகியிருக்க மாட்டாங்க. நிறம் வேறுபடற ஆட்கள் நடுவுல அதையும் சேர்த்துக்கலாம். கூடவே, "பொறுமைசாலியா, அவசரக்காரரா"ன்னு மனசுக்குள்ள ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. பதில் சரியா இருக்கணும்னு இல்ல. அப்படி யோசிச்சுப் பார்த்த முகம் நல்லா நிக்கும்.

அடுத்தது, ஒரே படத்தை உத்து உத்துப் பார்த்தா அந்தப் படம்தான் மனப்பாடமாகும், ஆள் ஆகமாட்டார். 2011-ல பிரிட்டன்ல, ரெண்டே ரெண்டு டச்சுப் பெண் பிரபலங்களோட 40 படங்களைக் கொடுத்து ஆள்வாரியா பிரிக்கச் சொன்னாங்க. அவங்களைத் தெரியாதவங்க சராசரியா ஏழெட்டுப் பேர்னு பிரிச்சாங்க. தெரிஞ்ச டச்சுக்காரங்க சரியா ரெண்டு குவியல் வெச்சாங்க. அதனால ஒருத்தருக்கு நாலஞ்சு படமாவது தேடுங்க: சிரிக்கிறது, பக்கவாட்டுல, வெயில்ல, பழையது. அடுத்த நாளும், மூணு நாள் கழிச்சும் பேரை மறைச்சுட்டு சொல்லிப் பாருங்க.

குழப்பற ஜோடி எதுன்னு உங்களுக்கே தெரியும். அந்த ரெண்டு பேர் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு மூணு வித்தியாசம் எழுதுங்க. பாதிப் பிரச்சனை அந்த ஒரு ஜோடியிலதான் இருக்கும்.

பதில் 2:
மேல சொன்னதோட சேர்த்துக்க சில விஷயம். வீடியோ மீட்டிங்ல முகத்துக்குக் கீழேயே பேர் வந்துடுது, அதனால நாம பேரைப் படிக்கிறோம், முகத்தைப் பார்க்கிறதில்ல. பேர் வர்ற இடத்துல ஒரு சீட்டை ஒட்டிட்டு, யாருன்னு சொல்லிட்டு எடுத்துப் பாருங்க. எப்பவும் ஒரே மேசையில பார்த்தவரை லிஃப்ட்ல பார்த்தா தெரியாம போறதும் சகஜம். அங்கே குரலும் நடையும் கைகொடுக்கும்.

சந்தேகமா இருந்தா பேரைச் சொல்லிக் கூப்பிடாதீங்க. "இங்கே பேர்களை இன்னும் கத்துக்கிட்டு இருக்கேன், உங்க பேரை ஒரு தடவை சொல்லுங்க"ன்னு கேளுங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. மாத்திக் கூப்பிட்டுட்டா ஒரே வரியில மன்னிப்பு, சரியான பேர், அப்புறம் வேலைப் பேச்சு. "நீங்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கீங்க"ன்னு மட்டும் விளையாட்டுக்குக்கூட சொல்லாதீங்க. காலம் காலமா அதைக் கேட்டு நொந்தவங்க அவங்க. உங்களையும் இன்னொரு இந்தியர் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. உடனே, நிதானமா திருத்துங்க. தள்ளிப் போட்டா அந்தப் பேரே நிலைச்சுடும்.

போலீஸ் சாட்சின்னு வந்தா ரொம்பக் கவனம். அடையாளம் காட்டச் சொல்லி போலீஸ் நிறுத்தற வரிசையில "ஏறக்குறைய இவர் மாதிரி"ன்னு கை காட்டக் கூடாது. குற்றவாளி அந்த வரிசையிலயே இல்லாமலும் இருக்கலாம். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. அமெரிக்காவுல ரொனால்ட் காட்டன்கிற கறுப்பின இளைஞர், ஒரு வெள்ளையினப் பெண் தப்பா அடையாளம் காட்டினதால 1985-ல தண்டனை பெற்று, 1995-ல டிஎன்ஏ சோதனையால வெளியே வந்தார். வேற இனத்தவரை அடையாளம் சொல்றதுல இருக்கிற இந்தப் பலவீனத்தை, குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு கேட்டா ஜூரிக்கு நீதிபதி எடுத்துச் சொல்லணும்னு நியூயார்க் மாநிலத்தோட மிக உயர்ந்த நீதிமன்றம் 2017-ல தீர்ப்பே கொடுத்தது.

கேள்வி: கூட வந்த குழந்தைகளுக்கும் இந்தக் கஷ்டம் இருக்குமா?

பதில் 1:
சின்னப் பசங்கன்னா கவலைப்பட வேண்டாம். மூணு மாசக் குழந்தை எந்த இனத்து முகத்தையும் பிரிச்சுப் பார்க்கும், ஒன்பது மாசத்துல அது சொந்த இனத்தோட சுருங்கிடும். ஆனா கதவு மூடிடறதில்ல. மூணுல இருந்து ஒன்பது வயசுக்குள்ள பிரான்ஸுக்குத் தத்துப் போன கொரியர்கள், பெரியவங்களானப்போ ஐரோப்பிய முகங்களைத்தான் கொரிய முகங்களைவிட நல்லா அடையாளம் சொன்னாங்க. 2019-ல வந்த ஆஸ்திரேலிய ஆய்வுப்படி 12 வயசு வரைக்கும் பழகினதுக்குப் பலன் தெரியுது, அதுக்கப்புறம் வெறுமனே பழகினதுக்குத் தெரியல. அதனால பசங்களை எல்லாரோடயும் விளையாட விடுங்க, பயிற்சி எதுவும் வேண்டாம்.

சொந்தக்காரங்க, நெருங்கின நண்பர்கள் முகமே கூட இடம் மாறினா தெரியலைன்னா அது வேற விஷயம். பிறவியிலேயே முகம் பிடிபடாத தன்மை சிலருக்கு உண்டு. அதுக்கு நரம்பியல் இல்லேன்னா உளவியல் நிபுணர்கிட்ட போய்ச் சோதிச்சுக்கணும்.